29 வருஷம் கழிச்சு ஒரு விமானம்



போன பதிவுல மக்காச்சோளத்துல படைப்புழு வந்த கதையை எழுதியிருந்தேன். அதுல கடைசியா, "வீட்ல ஒரு விமானம் செஞ்சுக்கிட்டு இருக்கோம், அது தனிக்கதை" என்று ஒரு வரி போட்டேன். உரம், பூச்சி பத்தி யாரும் கேக்கல. எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் கேக்குறீங்க. "மருந்தடிக்கிற ட்ரோனா அண்ணாச்சி?" என்று ரெண்டு பேர். "புஞ்சை வேலை எல்லாம் முடிஞ்சிருச்சோ?" என்று ஒருத்தர். முடியலைங்க. ஆனாலும் சொல்றேன். இந்தக் கதையை நான் இதுவரைக்கும் எங்கயும் எழுதுனதில்ல.

எங்க ஊர் குளத்தூருக்கும் வேப்பலோடைக்கும் இடைப்பட்ட கரிசக்காடு. மேக்கே போனா உளுந்து, பாசி, மக்காச்சோளம். கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினா உப்பளம், அதுக்கு அங்கிட்டு கடல். வெளியூர்க்காரங்க தூத்துக்குடின்னா முத்து எடுக்கிற ஊரான்னு கேப்பாங்க. இங்க கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. எனக்குத் தெரிஞ்ச தூத்துக்குடி துறைமுகமும் உப்பும்தான்.

எங்க சித்தப்பா சரக்குக் கப்பல்ல வேலை பாத்தவர். 1995-ல லீவுக்கு வரும்போது ஜப்பான்ல இருந்து ஒரு பெட்டி கொண்டு வந்தார். பிரிச்சா, பால்சா மரச் சட்டம், ஒரு குட்டி எஞ்சின், ரெண்டு குச்சி வச்ச ரிமோட். ரேடியோவுல ஓட்டுற மாடல் விமானம். றெக்கை நீளம் அஞ்சு அடி. எஞ்சின் 6.5 சிசி. அந்தக் காலத்துல "40 சைஸ் டிரெய்னர்" என்று சொல்லுவாங்க, புதுசாப் பழகுறவங்களுக்குன்னே உள்ளது. எண்ணெயெல்லாம் ஊத்தினா ரெண்டரை கிலோ வரும். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்ததுதான் அதுக்கு எரிபொருள். எஞ்சின் ஓடுனா ஊரே விளக்கெண்ணெய் வாசம் அடிக்கும். கருப்பட்டிக் காப்பி வாசம் மாதிரி அது இன்னும் என் மூக்குல இருக்கு.

சித்தப்பா ஒரு மாசம் கூட நின்னு பழக்கிவிட்டுட்டுக் கப்பலுக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் நானும் என் கூட்டாளியும்தான். அவன் பக்கத்து ஊர்க்காரன், இப்ப துறைமுகத்துல டிரெய்லர் லாரி ஓட்டுறான். நான் ரிமோட்டைப் பிடிப்பேன், அவன் எஞ்சினைச் சுத்திவிடுவான். ஏறி இறங்க கெட்டியான தரை வேணுமே. உப்பு லாரி போற அளத்து ரோடுதான் எங்க ஏர்போர்ட். அளத்து வேலை விடியுமுன்னே ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். சாயங்காலம் ஈ காக்கா இருக்காது.

1996 சித்திரை மாசம். அன்னைக்கு அளத்துல லாரிக்கு லோடு ஏத்திக்கிட்டு இருந்தாங்க. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கவும் முயற்சி பண்ணல. விமானத்துக்குள்ள ரிசீவருக்குன்னு ஒரு சின்ன பேட்டரி உண்டு, நிக்கல் காட்மியம், 4.8 வோல்ட். முந்தின நாள் ராத்திரி பூரா கரண்டு இல்ல, பேட்டரி சரியா ஏறல. அதுவும் எனக்குத் தெரியும். "ஒரு தடவை விட்டுப் பாப்போம்" என்று விட்டேன்.

மூணாவது சுத்துல குச்சியை அசைச்சா விமானம் கேக்கல. எஞ்சின் முழு வேகத்துல கத்திக்கிட்டு, உப்புக் குவியல் இருந்த பக்கமா எறங்குச்சு. அங்க தலைச்சுமையோட வந்துக்கிட்டு இருந்தது என் கூட்டாளியோட அம்மா. விமானம் அவங்க மேல விழல. ரெண்டு எட்டு தள்ளி குவியல்ல குத்துச்சு. ஆனா சத்தத்துக்குப் பயந்து பெரியம்மா விலகி, வரப்புல சறுக்கி விழுந்துட்டாங்க. வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு.

மாவுக்கட்டு போட்டு ரெண்டு மாசம் வேலைக்குப் போகல. உப்பு நல்லா விளையற ரெண்டு மாசம் அது. எங்கப்பா ரெண்டு ஆட்டை வித்துக் கொண்டு போய்க் கொடுத்தார். அவங்க வாங்கிக்கிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டல. கூட்டாளியும் ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல. அவனோட பேச்சுவார்த்தை நிக்கல, கல்யாணம் காட்சி எல்லாத்துலயும் ஒண்ணாத்தான் நின்னோம். ஆனா விமானம்ங்கிற வார்த்தையை மட்டும் ரெண்டு பேரும் எடுக்கல. ஒடைஞ்ச விமானத்தைப் பெட்டியில போட்டு பரண்ல ஏத்துனேன். அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்த மழை. எங்க பக்கம் அவ்வளவு இல்லாட்டியும் கண்மாய் ஒடைஞ்சு வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. ஓட்டு வீட்டுப் பகுதியில ஒரு பக்கம் சரிஞ்சு, பரண்ல இருந்தது எல்லாம் தண்ணிக்குள்ள. தண்ணி வடிஞ்சு சேறு அள்ளும்போது என் மகள் ஒரு மரப்பட்டையைத் தூக்கிட்டு வந்தா. அப்ப ஏழாவது படிச்சா.

"அப்பா, இது றெக்கை மாதிரி இருக்கு?"

றெக்கைதான். பால்சா ஊறி, கையில எடுத்தா அவல் மாதிரி பிஞ்சு வந்துச்சு. ரிமோட்டுக்குள்ள சேறு. எஞ்சின் மட்டும் துருவோட முழுசா இருந்துச்சு. கதையைக் கேட்டா. பறந்த கதையை மட்டும் சொன்னேன், விழுந்த கதையைச் சொல்லல. "நாமளும் ஒண்ணு விடலாமாப்பா?" என்று கேட்டா. பாப்போம்னேன்.

அந்த வருஷம் உளுந்து, மக்காச்சோளம் ரெண்டும் வெள்ளத்தோட போச்சு. கையில காசு இல்ல. காசு இல்லங்கிறது எனக்கு ஒரு வகையில நிம்மதியாத்தான் இருந்துச்சு. அடுத்த வருஷம் மக்காச்சோளம் ஓரளவு கைகொடுத்தது. 2025 தை மாசம் மகள் மறுபடியும் கேட்டா. அதுக்குள்ள அவ போன்ல எல்லாத்தையும் தேடி வச்சிருந்தா. நடிகர் அஜித் மாடல் விமானம், ஹெலிகாப்டர் விடுறவர்ங்கிறதையும், அவர் ஆலோசகரா இருந்த சென்னை எம்ஐடி மாணவர்களோட தக்‌ஷா குழு 2018-ல ஆஸ்திரேலியாவுல நடந்த ஆளில்லா விமானப் போட்டியில ரெண்டாவது இடம் வாங்குனதையும் அவதான் எனக்குச் சொன்னா. "அப்துல் கலாம் படிச்ச காலேஜ்ப்பா அது" என்றா. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

சரி, எந்த விமானம்? இங்கதான் என் மண்டை காய்ஞ்சது. 29 வருஷத்துல எல்லாமே மாறிப்போச்சு. எஞ்சின் போய் கரண்டு மோட்டார் வந்துருச்சு. நீளமா இழுக்கிற ஏரியல் போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்துருச்சு. முன்னெல்லாம் பக்கத்துல இன்னொருத்தன் அதே கிரிஸ்டல் போட்ட ரிமோட்டை ஆன் பண்ணுனா நம்ம விமானம் விழும். இப்ப ஒவ்வொரு ரிமோட்டும் தன்னோட ரிசீவரை மட்டும்தான் பேசும். சிக்னல் அறுந்தா மோட்டார் தானா நிக்கிற மாதிரி வைக்கலாம், ஃபெயில்சேஃப்னு பேரு. இதைப் படிச்சப்ப ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 1996-ல அது இருந்திருந்தா, மோட்டார் சத்தமாவது நின்னிருக்கும்.

நான் யோசிச்ச வகைகளைச் சொல்றேன். திரும்ப வர்ற யாருக்காவது உதவும்.

முதல்ல மனசு போனது பழைய மாதிரியே ஒரு 40 சைஸ் பால்சா டிரெய்னருக்கு. தெரிஞ்ச பொருள், தெரிஞ்ச வாசம். ஆனா ரெண்டரை கிலோ. ஓடி ஏற ரோடு வேணும். அளத்து ரோட்டுக்கு நான் மறுபடியும் போகப் போறதில்ல.

ரெண்டாவது, சண்டை விமானம் மாதிரி இருக்கிறது. பாக்க அழகு. மகளுக்கு அதுல ஒரு கண்ணு. தாழ்ந்த றெக்கை, வேகம் ஜாஸ்தி, மெதுவாப் போனா ஒரு பக்கமா சாயும். 50 வயசுல கண்ணாடி போட்ட ஆளுக்கு அது வேண்டாம்.

மூணாவது, 250 கிராமுக்குக் கீழ உள்ள குட்டி. 2021 ட்ரோன் விதிகள்ல 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. நானோவுக்கு விதி ரொம்பக் கம்மி. விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது. ஆனா எங்க ஊர்க் காத்து உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுல மின்சார வாரியம் 1986-ல முதல் காத்தாடியை நட்டதே நம்ம முள்ளக்காட்டுலதான். கயத்தாறு பக்கம் போனா காடு முழுக்கக் காத்தாடி. இந்தக் காத்துல 250 கிராம் விமானம் எலவம்பஞ்சு மாதிரி போயிரும்.

நாலாவது, கடையில கிடைக்கிற ஃபோம் விமானம். உள்ளயே ஜைரோ வச்சு தானா நேரா நிக்கும். நல்ல பொருள்தான். ஆனா 2022 பிப்ரவரியில இருந்து வெளிநாட்டு ட்ரோன்களை முழுசா இறக்குமதி பண்ணத் தடை, உதிரி பாகத்துக்குத் தடை இல்ல. இந்த நிலைமையில ஒரு கம்பெனி விமானத்தை வாங்கிட்டு அதோட றெக்கை ஒடைஞ்சா, அதே றெக்கை திரும்பக் கிடைக்குமான்னு எனக்குச் சந்தேகம். டிராக்டர் வாங்கும்போது நாம என்ன பாப்போம்? குதிரைத்திறனைப் பாக்குறதுக்கு முன்னாடி, விளாத்திகுளத்துல ஸ்பேர் கிடைக்குமான்னு பாப்போமா இல்லையா?

அஞ்சாவது, மோட்டார், ரிமோட், பேட்டரி மட்டும் வாங்கிட்டு உடம்பை நாமளே ஃபோம் ஷீட்டுல வெட்டிச் செய்யறது. காலேஜ் பிள்ளைங்க நிறையப் பேர் இப்படித்தான் செய்யுறாங்க. ஒடைஞ்சா ஒரு ஷீட்டும் பசைத் துப்பாக்கியும் போதும்.

அஞ்சாவதைத்தான் எடுத்தோம். ட்ரோன் வாங்கலாமேன்னு கேட்டவங்களுக்கும் ஒரு வார்த்தை. ட்ரோன் கையை எடுத்தா அங்கயே நிக்கும். மருந்தடிக்க அது சரி. விமானம் அப்படி நிக்காது, நீங்க ஓட்டிக்கிட்டே இருக்கணும். மகள் கேட்டது விமானம்.

வடிவம் எப்படின்னு முடிவு பண்ண கணக்கு ஒண்ணு போட்டேன். றெக்கை நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 20. பரப்பு 24 சதுர டெசிமீட்டர். எல்லாம் சேத்து எடை 700 கிராமுக்குள்ள வரணும்னு வச்சிக்கிட்டோம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 29 கிராம் சுமை. பழைய விமானம் 150க்கு 28, அதாவது 42 சதுர டெசிமீட்டர், 2500 கிராம். அதுல சுமை 60 கிராம். சுமை ரெண்டு மடங்குன்னா, விழாம பறக்கக் குறைஞ்சபட்ச வேகம் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு வேணும். எடையையும் வேகத்தையும் சேத்துப் பாத்தா, பழைய விமானம் ஒரு ஆளை மோதுனா வர்ற அடி, புதுசை விட ஏழு மடங்கு. இந்த ஏழு மடங்குங்கிற ஒரு கணக்குதான் என்னை முடிவு எடுக்க வச்சது. அழகு, வேகம், வித்தை எல்லாம் அதுக்குப் பின்னாலதான்.

அதே காரணத்துக்காக மோட்டாரும் விசிறியும் பின்னாடி. மூக்குல விசிறி இருந்தா முதல்ல மோதுறது விசிறிதான். பின்னாடி இருந்தா முதல்ல மோதுறது மெத்துன்னு ஃபோம். விசிறியும் ஒடையாது. சக்கரம் கிடையாது. கையில எறிஞ்சு விட்டு, வயித்துல இறங்கணும். கரிசக்காட்டுல சால் இருக்கும், வெடிப்பு இருக்கும், சக்கரம் வச்சா மாட்டிக்கிட்டுக் குப்புறத்தான் விழும். றெக்கை உடம்புக்கு மேல, ரெண்டு நுனியும் லேசா மேல தூக்கி. அப்படி இருந்தா குச்சியை விட்டதும் தானா நேராகப் பாக்கும்.

செலவைக் கேட்டா வீட்டுக்காரி என்ன சொல்லுவாளோன்னு பயந்தேன். ரிமோட்டும் ரிசீவரும் 5,200. பேட்டரி 1,900. சார்ஜர் 1,300. மோட்டாரும் அதுக்குக் கரண்டு கட்டுப்படுத்துற இஎஸ்சியும் 1,400. சர்வோ நாலு 600. ஃபோம், பசை, டேப் 900. மொத்தம் 11,300 ரூபாய். டிஏபி மூட்டை 1,350. "எட்டு மூட்டை டிஏபி பறக்கப் போகுதாக்கும்" என்றா. அவ்வளவுதான் சொன்னா. பிறகு பழைய சேலை முந்தியில உறை தைச்சுக் கொடுத்ததும் அவதான்.

செய்யும்போது பட்டுத் தெரிஞ்சிக்கிட்டது சிலது. தெர்மாகோல் வகை ஃபோம்ல சாதாரண ஃபெவிகுவிக் போடாதீங்க, அரிச்சுத் தின்னுரும். எங்க முதல் றெக்கை அப்படித்தான் போச்சு. எடைநடு முக்கியம். 20 சென்டிமீட்டர் அகலம்னா முன் விளிம்புல இருந்து 5, 6 சென்டிமீட்டர்ல ரெண்டு விரலை வச்சுத் தூக்கினா மட்டமா நிக்கணும். பின்னாடி கனம் இருந்தா பறக்கவே பறக்காது. மோட்டார் பின்னாடி இருக்கிறதால பேட்டரியை மூக்கு வரைக்கும் தள்ள வேண்டி வந்துச்சு. வெள்ளை விமானம் வெள்ளை மேகத்துல காணாமப் போயிரும். அடிப்பக்கம் மட்டும் கருப்புப் பட்டை ஒட்டுனோம். மேல சிவப்பு. எந்தப் பக்கம் தெரியுதுன்னு பாத்தாலே விமானம் எப்படி சாஞ்சிருக்குன்னு தெரியணும்.

லிப்போ பேட்டரியை மட்டும் விளையாட்டா எடுக்காதீங்க. அடிபட்டு உப்பிப் போனதைச் சார்ஜ் போட்டா தீப்பிடிக்கும். நாங்க மண்சட்டிக்குள்ள வச்சு, பக்கத்துல மணல் வாளியோட, ஆள் இருக்கும்போது மட்டும்தான் சார்ஜ் போடுறோம். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது, 3.5க்குக் கீழ இறக்க வேண்டாம். வேலை இல்லாதப்ப 3.8-ல வச்சிருந்தா ஆயுசு ஜாஸ்தி.

இதையெல்லாம் விடப் பெரிய பிரச்சினை என் கை. சித்தப்பா கொண்டு வந்த ஜப்பான் ரிமோட் "மோடு 1". அதுல வேகம் கூட்டுற குச்சி வலது கையில, மூக்கை ஏத்தி இறக்குறது இடது கையில. இப்ப எல்லாரும் பழகுறது "மோடு 2". அப்படியே தலைகீழ். ரிமோட்டை மாத்தி எனக்குத் தோதா வச்சிக்கலாம். ஆனா மகள் நாளைக்கு எங்க போனாலும், என்சிசி விமானப் பிரிவுல சேந்து பழகுனாலும், மத்தவங்க கையில இருக்கிறது மோடு 2-ஆத்தான் இருக்கும். அவ தடுமாறும்போது ரிமோட்டைப் பிடுங்கி நான் காப்பாத்தணும்னா, நானும் அதே மோடுலதான் பழகணும். அதனால மகளோட பள்ளிக்கூட லேப்டாப்புல, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, விமானம் ஓட்டுற சிமுலேட்டர் விளையாட்டு. ரெண்டு மாசம். அவ பத்து நாள்ல பழகிட்டா. புதுசாப் பழகுறவளுக்கு மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல.

விமானம் தயார். 690 கிராம். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல எங்க மேக்காட்டுப் புஞ்சை பச்சையா இருக்குதான்னு பாத்தாச்சு. ஏர்போர்ட் சுவர்ல இருந்து 12 கிலோமீட்டருக்குள்ள கட்டுப்பாடு உண்டு, வாகைகுளம் எங்களுக்கு அதை விடத் தூரம். பச்சை இடத்துலயும் 400 அடிக்கு மேல போகக் கூடாது. துறைமுகம், அனல் மின்நிலையம் பக்கம் இருக்கிறவங்க வாங்குறதுக்கு முன்னாடியே வரைபடத்தையும் பதிவு விதிகளையும் பாத்துக்கிடுங்க.

ஆனா எனக்கு வேற ஒரு அனுமதி வேண்டியிருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை விமானத்தை எடுத்துக்கிட்டு, மகளையும் கூட்டிக்கிட்டு கூட்டாளி வீட்டுக்குப் போனேன். போற வழியில, விழுந்த கதையையும் மகளுக்குச் சொல்லிட்டேன். அவ ஒண்ணும் பேசல.

பெரியம்மாவுக்கு இப்ப எண்பதை நெருங்குது. திண்ணையில உக்காந்திருந்தாங்க.

"பெரியம்மா, மறுபடியும் விமானம் விடலாம்னு இருக்கேன். ஒங்களக் கேக்காம விட மனசு வரல."

"எந்த விமானம்?" என்றாங்க. பிறகு ஞாபகம் வந்துச்சு. "அட, அதை இன்னுமா நெனச்சிக்கிட்டுக் கெடக்க?"

"பிள்ளை கேக்குறா."

"பிள்ளைக்கா, ஒனக்கா?"

நான் பதில் சொல்லல. அவங்க கையை நீட்டுனாங்க. "கொண்டா. எம்புட்டு கனம்னு பாப்போம்."

வலது கையில எடுக்கல. அந்த மணிக்கட்டு நேராக் கூடல, இன்னைக்கும் கொஞ்சம் கோணல்தான். இடது கையில வாங்கி ஏத்தி இறக்கிப் பாத்தாங்க. வாழ்நாள் பூரா உப்புச் சுமந்த கை. "முக்காக் கிலோ இல்ல, கொஞ்சம் கம்மி" என்றாங்க. சரியாச் சொன்னாங்க. மூக்கை விரலால அமுக்கிப் பாத்தாங்க. பின்னாடி இருந்த விசிறியைத் தொட்டாங்க.

"இது ஒண்ணும் செய்யாது. ஆனா ஆள் நிக்கிற பக்கம் விடாத. ஆடு மாடு நிக்கிற பக்கமும் விடாத. மொதல்ல சுத்திப் பாரு, யாரும் நிக்காகளான்னு. அன்னைக்கு நீ பாக்கல."

29 வருஷத்துல அவங்க அதைப் பத்திச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அன்னைக்கு நீ பாக்கல. உண்மைதானே. நான் தலையாட்டுனேன். மகளைக் கூப்பிட்டு, "ஒங்கப்பன் பாக்காட்டி நீ பாரு" என்றாங்க.

வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த கூட்டாளி, "என்னைக்குல விடுத?" என்று கேட்டான். "வாற ஞாயித்துக்கிழமை காலையில" என்றேன். "நான் வந்து எறியுதேன்" என்றான்.

பங்குனி மாசம், காலை ஆறரை மணி. அந்த நேரத்துல கடக்காத்து இன்னும் ஏறாது, லேசா மேக்கே இருந்து மட்டும் வரும். சூரியனுக்கு முதுகைக் காட்டி மேக்கே பாத்து நின்னோம். காத்துக்கு எதுத்த மாதிரி எறியவும் அதுதான் தோது. எங்க கடக்கரையில காலையில விடுறவங்களுக்கு இது இயற்கையாவே அமைஞ்ச வசதி. மகள் வரப்பு மேல ஏறி நாலு பக்கமும் பாத்தா. "ஆள் இல்ல. ஆடு இல்ல. ஒரே ஒரு மயில்" என்றா. பேட்டரி அளந்தேன், 12.6 வோல்ட். ரிமோட்டை எடுத்துக்கிட்டு நாப்பது எட்டு தள்ளிப் போய் றெக்கை மடிப்பு அசையுதான்னு பாத்தேன். ரிமோட்டை அணைச்சா மோட்டார் நிக்குதான்னு, கூட்டாளி விமானத்தைப் பிடிச்சிருக்க, ரெண்டு தடவை பாத்தேன். பத்து நிமிஷம் ஆச்சு. அவன் பொறுமையா நின்னான். "அந்தக் காலத்துல முத்துக்குளிப்புக்கு முன்னாடி கொஞ்சம் சிப்பியை எடுத்து ஒடைச்சுப் பாத்துட்டுத்தான் குளிக்க விடுவாகளாம்" என்றான்.

எறிஞ்சான். ஏறுச்சு. விளக்கெண்ணெய் வாசமும் இல்ல, கத்தலும் இல்ல. தேனீ மாதிரி ஒரு சத்தம். காட்டுக்கு மேல அம்பது அடியில அது பாட்டுக்குச் சுத்துச்சு. எனக்குக் கை நடுங்குச்சு. மகள் பக்கத்துல நின்னு "நல்லா இருக்குப்பா, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கிட்டே இருந்தா.

நாலாவது சுத்துல ஒரு பருந்து பக்கத்துல வந்துச்சு. பதறிட்டேன். வேகத்தைக் குறைக்கணும்னு வலது குச்சியை வெடுக்குன்னு கீழ இழுத்தேன். ரெண்டு மாசம் பழகுனது எல்லாம் போச்சு, கை 1996-க்குப் போயிருச்சு. மோடு 2-ல வலது குச்சியைக் கீழ இழுத்தா மூக்கு மேல தூக்கும். விமானம் செங்குத்தா ஏறி, வேகம் செத்து, ஒரு பக்கமா சாஞ்சு, தலைகுப்புற மக்காச்சோளத் தட்டைக்குள்ள விழுந்துச்சு.

மூணு பேரும் ஓடுனோம். மூக்கு ரெண்டு அங்குலம் நசுங்கியிருந்துச்சு. றெக்கை கழண்டு ரப்பர் பேண்டுல தொங்குச்சு. மோட்டார், விசிறி, பேட்டரி எல்லாம் நல்லா இருந்துச்சு. சுத்தி அரைக் கிலோமீட்டருக்கு அந்த மயிலைத் தவிர யாரும் இல்ல.

கூட்டாளி குனிஞ்சு விமானத்தை எடுத்தான். "ஏல மாப்ள, இது அதே பழைய கைதாம்ல!" என்றான். சிரிச்சான். நானும் சிரிச்சேன். எவ்வளவு நேரம் சிரிச்சோம்னு தெரியல. மகளுக்கு எதுக்குச் சிரிக்கிறோம்னு புரியல.

ராத்திரியே மூக்கைப் புதுசா வெட்டி ஒட்டியாச்சு. அதுக்கு ஆன செலவு பசைக்குச்சி ரெண்டு. அதுக்கப்புறம் வைகாசி வரைக்கும் பத்துப் பதினஞ்சு ஞாயிறுகள் விட்டிருப்போம். இப்ப மகள் தனியா ஏத்தி, சுத்தி, இறக்குறா. என்னை விட நிதானம். ஒவ்வொரு தடவையும் எறியுமுன்னே வரப்புல ஏறி நாலு பக்கமும் பாக்குறதை மட்டும் அவ விடுறதில்ல.

இப்ப ஆனி. மேகாத்து மரத்தை வளைக்குது. விமானம் சேலை உறைக்குள்ள உத்தரத்துல தொங்குது. இனி புரட்டாசியில காத்து அடங்கி, விதைப்பு முடிஞ்ச பிறகுதான். துருப்பிடிச்ச அந்தப் பழைய எஞ்சினை மகள் மண்ணெண்ணெயில ஊறப் போட்டிருக்கா. ஓடுமான்னு கேக்குறா. ஓடினாலும் அதை எந்த விமானத்துலயும் வைக்கப் போறதில்ல. பலகையில திருகி, ஒரே ஒரு தடவை ஓட்டி, அந்த வாசத்தை அவளுக்குக் காட்டணும். அவ்வளவுதான் ஆசை.

அடுத்த பதிவுல புரட்டாசிப் பட்டத்து உளுந்துக்கு விதைநேர்த்தி பத்திப் பாப்போம்.

வாரேன்.